குளியல்தொட்டி விலாங்கு

எங்கள் வீட்டில் குளிப்பதற்கு ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது. அந்தத் தொட்டிக்குள் ஒரு விலாங்கு கிடந்தது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவரும் குசினி சிங்கில் தலையைக் கழுவிவிட்டு, ஈரத் தலையோடு மழைக்குள் பள்ளிக்கூடம் ஓடியவர்கள் இல்லை. அந்த விலாங்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில் பக்கம் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு பேக்கரியில் விடியற்காலை வேலை. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, பின்பக்கக் கண்ணாடி அறையில் இருந்தார். எதையும் உற்சாகமாகத் தொடங்குவார். முடித்து வைப்பது மற்றவர்களின் வேலை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. இலைகள் கொட்டி, மழை பிடித்துக்கொள்ளும் மாதத்தில் அம்மாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. தங்கச்சி. அம்மாவும் தங்கச்சியும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கிளென்ஃபீல்டிலிருந்து இரண்டு பஸ் மாறி மாமியும் வந்து இறங்கினார். மாமி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. கையில் சொந்தத் தலையணை, ஒரு பை நிறைய மிளகும் மல்லியுமாகச் சரக்குச் சாமான்கள், கூடவே அந்த வாய்.

பிள்ளைப்பேறு பார்ப்பது தாய்வீட்டுக்காரரின் வேலை. அம்மாவின் தாய்வீட்டார் எல்லாரும் யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் இருந்தார்கள். போன்கூடப் போகாத ஊர். அதனால் மாமிதான் வரவேண்டியிருந்தது. மாமி வந்ததில் யாருக்கும் குறை இல்லை. போகாமல் இருந்ததில்தான் குறை.

மாமி வந்ததும் அம்மாவுக்குப் பத்தியம் தொடங்கிற்று. மிளகாய் ஆகாது, புளி ஆகாது, குளிர்ந்தது எதுவும் ஆகாது. தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும் என்று அதையும் அரைக் கிளாஸ் அரைக் கிளாஸாகத்தான் கொடுத்தார். ஒரு பிடி சோறு, மிளகும் மல்லியும் வறுத்து அரைத்த கறுத்த கறி, அவ்வளவுதான். காதுக்குள் பஞ்சு. யன்னல் திறக்கக்கூடாது. அம்மா அறைக்குள் கிடந்தாள். தட்டில் பாதி போனபடியே திரும்பி வந்தது.

எனக்கு அந்த வீட்டில் இன்னொரு உத்தியோகமும் இருந்தது. மொழிபெயர்ப்பு. மின்சாரக் கம்பனிக்காரன் போன் எடுத்தாலும் நான், வீட்டுச் சொந்தக்காரன் புல்லு வெட்டச் சொல்லி வந்தாலும் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இங்கிலீஷ் ஒன்றும் விளங்காது என்பது என் முடிவு. அவர்கள் ஏதாவது கேட்டால் கண்ணை மேலே உருட்டிவிட்டுத்தான் பதில் சொல்வேன். பத்து வயதில் எனக்கிருந்த அலுப்பு, இப்போது இரண்டு பிள்ளைகளை வளர்க்கும்போதுகூட இல்லை.

இதற்கெல்லாம் மேலே, எங்கள் வீட்டில் 'போறன்' என்று சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாலும், டெய்ரிக்குப் பால் வாங்கக் கிளம்பினாலும், 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவேண்டும். மறந்து 'போறன்' என்று விட்டால் அம்மா வாசலிலிருந்து திருப்பிக் கூப்பிடுவாள். உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, 'போட்டு வாறன்' என்று முதலிலிருந்து சொல்லிவிட்டுப் போகவேண்டும். எத்தனை தரம் பள்ளிக்கூட மணிக்குப் பிந்திப் போயிருக்கிறேன்! ஊரைவிட்டு வந்த அன்றும் அப்படித்தான். அம்மாவின் தாயும் தகப்பனும் படலையில் நின்று, 'போட்டு வா பிள்ளை' என்று அம்மாவை அனுப்பினார்கள். அம்மாவும் 'போட்டு வாறன்' என்றாள். எனக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் நாய் ஓடி வந்தது மட்டும்தான் ஞாபகம். போனோம். ஆக்லாந்துக்கு வந்து, ஆக்லாந்திலேயே இருந்துவிட்டோம்.

விலாங்குக்கு வருகிறேன்.

தங்கச்சியை நிறுத்துப் பார்க்க மிட்வைஃப் ஒருவர் வீட்டுக்கு வந்து போவார். மாவோரிப் பெண். அம்மாவைவிட நல்ல வயது. வைக்காட்டோ ஆற்றங்கரை அவருடைய ஊர். நான் மொழிபெயர்க்கவேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் வருவார். தங்கச்சியை ஒரு துணிப்பையில் போட்டு, கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். முதல் தரம் நிறுத்து, நிறையைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த தரம் நிறுத்துவிட்டு, கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். பிள்ளை பிறந்த நிறைக்கே இன்னும் வந்து சேரவில்லை. பால் காணாது, போதவில்லை. அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் புட்டிப்பால் கொடுக்கவேண்டும், தேவைப்பட்டால் பிள்ளையைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். உள்ளதைச் சொன்ன என்னோடு ஏன் கோபிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாமிக்கு நெருப்புப் பிடித்துக்கொண்டது. "புட்டிப்பாலோ! எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் உந்தக் கோதாரி குடுக்கேல்லை. ஒரு சுறா கிடைச்சுதெண்டால் ஒரே நாளிலை பால் சுரக்கும். எட தம்பியவை, ரெண்டு ஆம்பிளையள் இருக்கிறியள், ஒரு சுறா வாங்க வக்கில்லையோ?"

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுப்பது வழக்கம். பால் கொட்டும் என்பார்கள். அப்பாவும் சித்தப்பாவும் காரை எடுத்துக்கொண்டு டொமினியன் ரோட்டிலிருந்து துறைமுகம் வரை மீன்கடை மீன்கடையாக ஏறி இறங்கினார்கள். 'ஷார்க்' என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்களாம். ஒருவன் மீன்காட்சிச் சாலைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னானாம். வெறுங்கையோடு திரும்பி வந்தவர்களை மாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் தம்பி வாயைத் திறந்தான். சும்மா இருந்திருக்கலாம். "ஓடையிலை ஒரு பெரிய விலாங்கு இருக்கு. எங்களுக்கு அதைத் தெரியும்" என்றான்.

தெரியும்தான். பார்க்குக்குப் பின்னால் ஓடும் ஓடையில், நடைபாலத்துக்குக் கீழே, அது எங்கள் விலாங்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லஞ்சன் சொசேஜ் துண்டைத் தண்ணீருக்கு மேலே பிடித்தால் கல்லிடுக்கிலிருந்து வெளியே வரும். கறுப்பு. அப்பாவின் தொடைப் பருமன். நீளம் தம்பியைவிடக் கூட. கையிலிருந்து அப்படியே உறிஞ்சி எடுக்கும். ஆனால் மழை தொடங்கிய பிறகு அதற்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. வந்து பார்க்கும், சொசேஜைத் தொடாமல் போய்விடும். கண்ணும் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. நான் இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருத்தியும் நம்பவில்லை.

மாமி யோசித்தார். செதில் கிடையாது, நீளம், வழுவழுப்பு. "சுறாவுக்கு ஒண்டுவிட்ட சகோதரம்தான். சுறா இல்லாத ஊரிலை விலாங்கு காணும்" என்று தீர்ப்புச் சொன்னார். எந்த ஊரில் யார் விலாங்கு கொடுத்துப் பால் சுரந்தது என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

சித்தப்பா தூண்டிலோடு போய் நின்று பார்த்தார். அது எதையும் கடிக்கவில்லை. பிறகு ஒருநாள் நல்ல மழை அடித்து, ஓடை பெருகி வடிந்தபோது, சீமெந்து கட்டிய ஆழமில்லாத பகுதியில் விலாங்கு கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்ததாம். சித்தப்பா கொடியில் காய்ந்த அம்மாவின் டூவே போர்வை உறையை எடுத்துக்கொண்டு ஓடி, அதன் வாயை விரித்து முன்னால் பிடித்திருக்கிறார். விலாங்கு தானாகவே உள்ளே போய்விட்டதாம். அப்பாவும் சித்தப்பாவும் தொப்பலாக நனைந்து, ஆளுக்கொரு முனையில் அந்த உறையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்த காட்சியை நான் மறக்கமாட்டேன். நீலப் பூப்போட்ட உறை. உள்ளே அது உருண்டு புரண்டது. நடை முழுக்கச் சளி போல வழுவழு. எத்தனை முறை தோய்த்தும் அந்த உறையின் வழுவழுப்பு போகவில்லை. கடைசியில் குப்பையில் போட்டோம்.

மாமி குனிந்து மணந்து பார்த்தார். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. எங்களுக்கு மீன் என்றால் கடல் மீன்தான், மற்றதெல்லாம் மட்டம். "நல்லதண்ணி மீன் சேறு மணக்கும். கொஞ்சநாள் பைப் தண்ணியிலை விட்டால் சேத்தைக் கக்கிப்போடும். தொட்டியிலை விடுங்கோ" என்றார்.

விட்டார்கள்.

இனித்தான் கூத்து. அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை வீட்டில் மீன் வெட்டக்கூடாது. அதற்கு அடுத்த நாள் மாமிக்குச் சதுர்த்தி விரதம். பிறகு வந்த நாளில் தடை எதுவும் இல்லை என்றபோதுதான் தெரிந்தது, அந்த வீட்டில் கொல்ல ஆளில்லை என்று.

"பச்சைப்பிள்ளை கிடக்கிற வீட்டிலை நான் உயிர் எடுக்கமாட்டன்" என்றார் அப்பா. "பிடிச்சுத் தந்தாச்சு. என்ரை பங்கு முடிஞ்சுது" என்றார் சித்தப்பா. "செத்த மீனைத் தாங்கோ, சமைச்சுத் தாறன். நானோ கொல்லுறது?" என்றார் மாமி. தலைமுறை தலைமுறையாக மீன் தின்றவர்கள். ஒருவரும் உயிருள்ள மீனை நேரே பார்த்தவர்கள் இல்லை. சித்தப்பா கத்தியோடு ஒருதரம் பாத்ரூமுக்குள் போனார். விலாங்கு தலையைத் தூக்கி அவரைப் பார்த்திருக்கிறது. போன வேகத்திலேயே வெளியே வந்துவிட்டார். "அது ஆளைப் பாக்குது அக்கா" என்றார். மாமி தலையில் அடித்துக்கொண்டார். நானும் அடித்துக்கொண்டேன்.

இரவிலே அது தொட்டியைவிட்டு ஏறப்பார்த்தது. அதனால் அலுமாரிக் கதவைக் கழற்றித் தொட்டிமேல் வைத்து, அதற்குமேல் செங்கற்கள் அடுக்கினார்கள். அலுமாரிக்குக் கதவில்லை. வீட்டுக்குப் பாத்ரூம் இல்லை. அப்பா விடியப்புறம் தோட்டத்துப் பைப்பில் உடம்பைத் துடைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே வேலைக்குப் போனார். நான் சிங்கில். தம்பிக்குக் குளிக்காமல் இருப்பது கொண்டாட்டம். அப்பாவுக்கு வேறொரு பயமும் வந்துவிட்டது. "பிள்ளை, இது அரசாங்கத்தின்ரை மீனோ? இதுக்குப் பொலிஸ் வருமோ? எங்கடை ரெசிடென்சி விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன வக்கீலா?

தம்பி கதவுப்பலகை இடுக்குக்குள்ளால் சொசேஜ் போட்டான், அவித்த முட்டை போட்டான், மாமியின் சரக்குக் கறிகூடப் போட்டுப் பார்த்தான். அது எதையும் தொடவில்லை. "பாவம், வாயிலை ஒண்டும் வைக்காமல் கிடக்குது" என்று மாமி பரிதாபப்பட்டார். அதே மாமிதான் அதை எத்தனை துண்டு போடலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் அறையிலிருந்தும் தட்டு அப்படியே வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒருவரும் பாவம் சொல்லவில்லை. "வாய்க்கு ருசி தேடுற நேரமோ இது?" என்றுதான் மாமி கேட்டார். தங்கச்சி அழுதுகொண்டே இருந்தாள். கத்திக் கத்திக் களைத்து, பிறகு பூனைக்குட்டி போல் முனகினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மிட்வைஃப் வந்தார். வந்தவர் வழக்கம்போல, கை கழுவப் பாத்ரூமுக்குள் போனார்.

அவரைத் தடுக்க நாலு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். நடை ஒடுக்கம். ஒருவரில் ஒருவர் மோதிக்கொண்டு நின்றோம். அதற்குள் உள்ளே செங்கல் நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அப்பா என் தோளைப் பிடித்தார். "பிள்ளை, நாங்கள் சும்மா வைச்சிருக்கிறம் எண்டு சொல்லு. வளர்க்கிறம் எண்டு சொல்லு" என்று என்னை முன்னால் தள்ளினார்.

மிட்வைஃப் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டிருந்தார். விலாங்கு அவருடைய கைமேல் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அவர் அதோடு ஏதோ கதைத்தார்.

"என்னவாம்?" என்று மாமி என்னைக் கேட்டார்.

"தெரியாது மாமி. அது இங்கிலீஷ் இல்லை. மாவோரி."

"உன்ரை படிப்பு இவ்வளவுதானோ?" என்றார் மாமி.

பிறகு மிட்வைஃப் எங்களைப் பார்த்து இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். கோபமாகத்தான் தொடங்கினார் என்று நினைக்கிறேன். எங்கள் முகங்களைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். இது பெண்ணாம். தன்னைவிட இதற்கு வயது கூட இருக்கலாமாம். இந்தச் சாதி விலாங்கு இத்தனை காலமும் ஓடையிலும் குளத்திலும் தின்று தின்று வளருமாம். பிறகு ஒரு வருடம், இலையுதிர் கால மழையோடு, சாப்பாட்டை நிறுத்திவிடுமாம். தலை ஒடுங்கி, கண் பெருத்துவிடுமாம். கடலின் இருட்டில் பார்ப்பதற்கு. வயிறு சுருங்கி, உள்ளே முட்டைக்கு இடம் விடுமாம். ஓடை பெருகும்போது கீழே இறங்கிக் கடலுக்குப் போய்விடுமாம். நீங்கள் பிடித்தது அதன் பயணத்தில், என்றார்.

கண்ணைப் பற்றி நான் சொன்னது சரி! வகுப்பில் இனி யார் என்னைப் பொய்க்காரி என்று சொல்கிறார்கள் பார்ப்போம் என்ற எண்ணத்தில் மொழிபெயர்ப்பைக் கொஞ்சம் சுருக்கிவிட்டேன். "வயித்திலை பிள்ளையாம்" என்றேன்.

மாமி வாயைப் பொத்திக்கொண்டார். "சிவசிவா! வயித்துப்பிள்ளைக்காரியையோ அடைச்சு வைச்சிருக்கிறம்? எட, நீயேன்ரா பிடிச்சனீ?" என்று சித்தப்பாவின் முதுகில் ஒன்று போட்டார்.

"எங்கை போகுதாம்?" என்றொரு குரல் பின்னால் கேட்டது. அம்மா. தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, காதுக்குள் பஞ்சோடு, நடையின் முடிவில் நின்றாள்.

கேட்டுச் சொன்னேன். டொங்கா பக்கம், கடலுக்குள் ஆழத்திலை எங்கையோ. சரியான இடம் ஒருத்தருக்கும் தெரியாதாம்.

"போய்?"

முட்டை போடுமாம். பிறகு செத்துப்போகுமாம்.

"குஞ்சுகள்?"

அதுகள் கண்ணாடி மாதிரி இருக்குமாம். விரல் நீளம். கடல் எங்கே அள்ளிக்கொண்டு வருகிறதோ அங்கே வந்து சேருமாம். நல்லதண்ணி மணத்தைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு ஆற்றுக்குள் ஏறுமாம். தாய் இருந்த ஓடைதான் என்று இல்லையாம்.

"தாய் திரும்பி வாறேல்லையோ?"

"வராதாம்" என்றேன். எத்தனை தரம் கேட்பது! செத்துப்போகும் என்று இப்போதுதானே சொன்னேன்.

மிட்வைஃப் எழுந்து கையைத் துடைத்தார். அம்மாவின் பக்கத்தில் வந்து, அவளுடைய கையைத் தூக்கி, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கட்டிலருகே அன்று மத்தியானத் தட்டு மூடியபடி இருந்ததைக் கதவால் எட்டிப் பார்த்தார். அதன்பின் அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. மாமி பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அது சாப்பிடாமல் இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்காம். அதுக்கு இனி வயிறு தேவையில்லையாம். நீங்கள் ஏன் சாப்பிடுறேல்லை எண்டு கேக்கிறா."

அம்மா என்னைப் பார்க்கவில்லை, மாமியையும் பார்க்கவில்லை. மிட்வைஃபைப் பார்த்து, அவளாகவே, இங்கிலீஷில் சொன்னாள். "ஐ ஆம் ஹங்கிரி."

மாமி முதலில் விளங்காதது போல நின்றார். பிறகு முகம் கோணிற்று. "பசிக்குதெண்டு என்னட்டைச் சொல்லப்படாதே பிள்ளை? நான் உனக்கு நல்லதுக்குத்தானே..." என்று தொடங்கியவர், முடிக்காமல் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். மாமியை அப்படி நான் பார்த்ததே இல்லை. மிட்வைஃப் குசினிக்குப் போய் ஒரு பெரிய கண்ணாடிக் கிளாஸ் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா அதை நின்றபடியே குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள்.

"இப்பவே கொண்டுபோய் விடவேணும்" என்றாள் பிறகு. "நானும் வாறன்."

"பச்சை உடம்போடை மழைக்குள்ளையோ! உனக்கென்ன விசரே?" என்று மாமி கத்தினார். மிட்வைஃபிடம் கேள் என்று அம்மா என்னிடம் சொன்னாள். நடப்பது நல்லது என்று சொல்லிவிட்டார் அவர். மாமி தங்கச்சியை வாங்கிக்கொண்டு, கடைசியாகத் தன்னுடைய குளிர்ச்சட்டையையும் கழற்றி அம்மாவுக்குப் போர்த்திவிட்டார்.

தங்கச்சிக்கென்று வாங்கிய புதுப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு, விலாங்கைச் சுருட்டி வைத்து, டூவே உறையால் மூடி, அப்பாவும் சித்தப்பாவும் தூக்கினார்கள். மிட்வைஃப் காரிலிருந்து கம்பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் அம்மா. நான் குடை பிடித்தேன். தம்பி சேற்றைத் தேடித் தேடி மிதித்தான். வீதியில் போன கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தன. எனக்கு உயிர் போகும் வெட்கம். தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக்கூடாது என்று கடவுளை மன்றாடிக்கொண்டே போனேன். என் வகுப்புப் பெண் ஒருத்தி தகப்பனின் காரிலிருந்து எனக்குக் கை காட்டினாள். கடவுள் அவ்வளவுதான்.

நடைபாலத்தைத் தாண்டி, சீமெந்து முடிந்து ஓடை மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் விட்டோம். தொட்டியைச் சரித்ததும் அது நனைந்த புல்லில் விழுந்து, ஒரு கணம் அப்படியே கிடந்தது. பிறகு புல்லுக்குள்ளாலே வளைந்து வளைந்து போய்த் தண்ணீரில் இறங்கிற்று. அதன் முதுகு ஒருதரம் தெரிந்தது. பிறகு கலங்கல் தண்ணீர் மட்டும்தான்.

திரும்பும் வழியில் மீன் பொரித்து விற்கும் கடையைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டாள். "இஞ்சருங்கோ, எனக்கு அது வேணும்" என்றாள் அப்பாவிடம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக! அப்பா வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்தக் கடையில் நாங்கள் சனிக்கிழமைகளில் வாங்குவது எப்போதும் ஒரே மீன்தான். பலகையில் லெமன்ஃபிஷ் என்று போட்டிருக்கும். எலுமிச்சை விட்டுப் பொரிப்பார்கள் போலிருக்கிறது என்பது அப்பாவின் ஊகம். அம்மா வீட்டுக்கு வந்து, கடதாசியை விரித்து, கட்டிலில் இருந்தபடியே பெரிய துண்டுகள் இரண்டையும் ஒரு குவியல் சிப்ஸையும் தின்று முடித்தாள். மாமி கண்ணை மூடிக்கொண்டு சிவபுராணம் சொன்னார். ஆனால் தண்ணீர் கிளாஸை அவர்தான் நிரப்பி நிரப்பிக் கொடுத்தார்.

அடுத்த முறை நிறுத்தபோது தங்கச்சி நிறை கூடியிருந்தாள். மிட்வைஃப் தராசை என்னிடம் காட்டிச் சிரித்தார். அம்மா அழுதாள். எனக்கு அதுவும் எரிச்சல்தான். நிறை குறைந்தாலும் அழுகை, கூடினாலும் அழுகை.

லெமன்ஃபிஷ் என்பது சுறா என்று நான் அறிந்தது பெரியவளான பிறகு. இந்த நாட்டில் சுறாவை அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். ஒரு விலாங்கைப் படாத பாடு படுத்தி, ஒரு வீட்டையே குளிக்கவிடாமல் அடித்த காலத்தில், இரண்டு வீதி தள்ளிச் சுறா பொரிந்துகொண்டிருந்திருக்கிறது. மாமியிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "நான் அப்பவே சொன்னனான், சுறாதான் எண்டு!" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். மிட்வைஃப் கொடுத்த தண்ணீரும் அம்மா வயிறாரச் சாப்பிட்டதும் அவருடைய கணக்கில் வருவதே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விலாங்கு தண்ணீரில் இறங்கிய பிறகும் அம்மா கரையைவிட்டு வரவில்லை. மழை கூடிக்கொண்டு வந்தது. என் கை குடையோடு சேர்த்து உளைந்தது. அப்பாவும் சித்தப்பாவும் வெறும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறிவிட்டார்கள். அம்மா காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். ஓடைப் பக்கம் குனிந்து, பள்ளிக்கூடத்துக்கு எங்களை அனுப்பும் அதே குரலில், "போட்டு வா, என்ன" என்றாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, அது வராது. நான் சொன்னனான்தானே" என்றேன்.

"ஓம் பிள்ளை, சொன்னனீ" என்றாள் அம்மா. அப்படியும் அங்கேயே நின்றாள்.

மிட்வைஃப் சொன்னதில் எந்தச் சொல்லைப் பிழையாகத் தமிழில் மாற்றிவிட்டேன் என்று, வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.